மண்டை ஓட்டின் மேல் விபூதிப் பட்டை

கிட்ட வாங்க, கண்ணுங்களா. வாசற்படியில் நின்றபடி கேட்டுவிட்டுப் போகிற கதை இல்லை இது. முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காருங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியவர்கள் இப்போதே குடித்துவிட்டு வந்துவிடுங்கள். நடுவில் குடித்தால் சொம்பை இரண்டு தரம் முகர்ந்து பார்ப்பீர்கள். ஒரு பெண்பிள்ளைக்கு வந்த கோபத்தைச் சொல்லப் போகிறேன். அந்தக் கோபம் மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம், சித்திரைப் பௌர்ணமி. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை ஒன்று இருந்தது. முதலாளி பெயர் சக்கரவர்த்தி. அந்தக் கடையின் கொடவுனில் மூட்டை அடுக்குவது, டின் எண்ணுவது, பெருக்குவது எல்லாம் தனம். வயது முப்பதுக்குள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆனால் மருந்து டின்னில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவாள். எப்படியென்றால், நிறத்தை வைத்து.

முந்தின வருஷம் விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எல்லாமும் ஒரே குவியலாகக் கிடந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு டின்னிலும் சீட்டுக்கட்டு டைமன் மாதிரி ஒரு கட்டம் போட்டிருக்கும், அதன் கீழ்ப் பாதி நிறத்தைப் பார் என்று தனத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். பச்சை என்றால் விஷம் கம்மி. நீலம் அதைவிட ஜாஸ்தி. மஞ்சள் கொடியது. சிவப்பு எல்லாவற்றிலும் கொடியது. சிவப்புக்கு மேல் மட்டும்தான் மண்டை ஓடும் குறுக்கே இரண்டு எலும்பும் இருக்கும். சிவப்பைத் தனி அறையில் பூட்டி வை, கையில் உறை போடாமல் தொடாதே, வாயில் வெற்றிலையோடு உள்ளே போகாதே என்றார். அவர் போனதும் சக்கரவர்த்தி சிரித்தார். தனம் சிரிக்கவில்லை. அந்த ஐப்பசியில் எண்ட்ரின் என்ற பூச்சிமருந்தின் சிவப்பு டின் ஒன்று ஒழுகி, கொடவுன் பூனை அந்த ஈரத்தை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கியது. அது இழுத்து இழுத்துச் செத்த விதத்தைத் தனம் ஒருத்திதான் பார்த்தாள். எண்ட்ரின் என்றால் என்ன என்று அதற்கப்புறம் அவளுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

பௌர்ணமிக்குக் கடை அரை நாள். தனம் மத்தியானம் களி கிண்டி, கீரை கடைந்து வைத்துவிட்டுப் புருஷனுக்காகக் காத்திருந்தாள். புருஷன் இருசப்பன் போர்டு எழுதுகிறவன். முழங்கை வரை வெள்ளைப் பெயிண்டோடு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

"கையைத் தேச்சுக் கழுவிட்டு வாய்யா. பெயிண்டோடவா துன்னப் போற?"

"சாமி காரியத்துப் பெயிண்டு. ஒண்ணும் பண்ணாது."

"இன்னா சாமி காரியம்?"

"உனக்கே தெரியாதா? உங்க மொதலாளி அடி அண்ணாமலை தண்ணிப் பந்தலுக்குப் பத்து டிரம்மு உபயம் குடுத்துட்டாரு. இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தியாம், பானையெல்லாம் பத்தாதாம். நேத்தும் இன்னைக்குக் காலையிலயும் அங்கதான் எழுதிக்கினு இருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நீ பாத்தா கன்னத்துல போட்டுக்குவ. மூணு பட்டை விபூதி, நடுவுல குங்குமப் பொட்டு, கீழ 'உபயம் சக்கரவர்த்தி'."

தனம் களியை உருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "எந்த டிரம்மு?"

"உங்க கொடவுன் பின்னால அடுக்கி வெச்சிருந்துச்சே, அதான்."

"அதெல்லாம் கம்பெனிக்குத் திரும்பிப் போவுதுன்னு சொன்னாரே அந்தாளு."

"எங்க போனா நமக்கு இன்னா? ஆனா ஒண்ணு, கண்றாவியா ஒரு மண்டை ஓட்டுப் படம் ஒட்டி வெச்சிருந்தானுங்க. சாமி காரியத்துல மண்டை ஓடு ஆவுமா? சுடுகாட்டு சமாசாரம். அதான் மொத வேலையா அதை மறைச்சேன்."

"மண்டை ஓட்டுக்குக் கீழ இன்னா கலரு?"

"செவப்பு. நல்லா ரத்தச் செவப்பு. ரெண்டு தரம் வெள்ளை அடிச்சும் மங்கலாத் தெரிஞ்சுது. உட்டேனா? மூணாவது தரமும் அடிச்சேன்." பெருமையாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். "இன்னாடி?"

"எழுந்திரு."

"துன்னுட்டு..."

"எழுந்திருய்யா. எண்ட்ரின் டிரம்முக்கு விபூதி பூசிட்டு வந்து உக்காந்து களி கேக்குது உனக்கு. சைக்கிளை எடு."

இருசப்பன் கெட்டவன் இல்லை. நம் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சாமி பெயரில் வைக்கிற பாத்திரத்தில் மண்டை ஓடு இருந்தால் அது அமங்கலம், மறைத்துவிட்டால் மங்கலம். அந்த மண்டை ஓடு எதற்கு அங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றாது. ஆனால் சக்கரவர்த்திக்கு? விவசாய ஆபீஸ்காரர் சொன்னபோது நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர் அவர். கடை லைசென்சைச் சுவரில் மாட்டியிருந்தவர் அவர். தெரியாது என்று அவர் சொல்ல முடியுமா? செங்கம் ரோட்டில் கொளுத்துகிற வெயிலில், கேரியரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது தனத்துக்கு வயிறு எரிந்தது அதற்காகத்தான். ரமணாசிரமம் தாண்டும்போதே நாலைந்து குடும்பங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தன. "இன்னும் ரெண்டு மணி நேரத்துல இவங்கதான் அங்க வந்து தண்ணி கேப்பாங்க. மிதிய்யா," என்றாள்.

அடி அண்ணாமலையில் குளத்துக்குப் பக்கத்தில் ஓலைப் பந்தல். பத்து டிரம்மும் வரிசையாக, பட்டை போட்ட பூசாரிகள் மாதிரி நின்றன. ஆறில் தண்ணீர் நிரப்பி வெட்டிவேர் போட்டாயிற்று. அதில் முன்னால் நின்ற இரண்டில் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்டுப் பானகம். காசியம்மாள் என்ற பெண் அதில் முழங்கை வரை கையை விட்டு வெல்லக் கட்டியைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

தனம் சைக்கிள் நிற்பதற்குள் குதித்து ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, கையை எடு. வாயில வெச்சியா? ருசி பாத்தியா?"

"இன்னாம்மா இது, பூஜை ஆவறதுக்கு முன்னால வாயில வெப்பாங்களா?" காசியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு மணிக்குப் புள்ளையாருக்குப் படைச்சப்புறம்தான் யாரும் தொடணும். நீ யாரு?"

அந்த வழக்கத்துக்கு ஒரு கும்பிடு போடுங்கள். அது இல்லாவிட்டால் பந்தலில் இருந்த பத்துப் பேரும் அதற்குள் ஆளுக்கு ஒரு டம்ளர் ருசி பார்த்திருப்பார்கள்.

"மொதல்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. குளத்துல இல்ல, இந்த டிரம்முத் தண்ணியிலயும் இல்ல. கெணத்துத் தண்ணியில, அப்படி ஓரமாப் போய். அப்புறம் சொல்றேன் நான் யாருன்னு."

சத்தம் கேட்டுப் பந்தல் நடத்துகிற அருணகிரி வந்தார். நாலு காணி நிலத்துக்காரர். பத்து வருஷமாக அந்தப் பந்தல் அவருடையது. அவருக்குப் பின்னால், பூசாரியோடு பேசிக்கொண்டிருந்த சக்கரவர்த்தியும் சலவை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பெரியவரே," என்றாள் தனம், "இந்தத் தண்ணியை யாருக்கும் குடுக்காதீங்க. இதெல்லாம் எண்ட்ரின் வந்த டிரம்மு."

அருணகிரி சக்கரவர்த்தியைப் பார்த்தார். சக்கரவர்த்தி சிரித்தார். "நம்ம கொடவுன்ல வேலை செய்யற பொண்ணு. கொஞ்சம் ஒரு மாதிரி. ஏம்மா, காலி டிரம்முல மருந்து எங்கிருந்து வரும்? இவங்க ஆளுங்க கழுவித்தானே வெச்சிருக்காங்க."

"நானே நின்னு கழுவ வெச்சேம்மா," என்றார் அருணகிரி. "மூணு தரம். புளி போட்டு, மணல் போட்டு, கடைசியா மஞ்சத் தண்ணி. பூசாரி தீர்த்தம் தெளிச்சாரு. இதுக்கு மேல இன்னா சுத்தம் வேணும்?"

"மோந்து பாத்தீங்களா?"

"பெயிண்டு வாசனை அடிக்குது. நேத்துதானே அடிச்சாரு உங்க ஊட்டுக்காரரு."

"அது பெயிண்டு வாசனை மட்டும் இல்லீங்க. அது எண்ணெ மருந்து. தகரத்து மடிப்புல, மூடி மரையிலல்லாம் பூந்து உக்காந்துக்கும். புளிக்கும் போவாது, தீர்த்தத்துக்கும் போவாது. நாள் பூரா தண்ணி நின்னா கொஞ்சம் கொஞ்சமா அதுல எறங்கும்."

"கேட்டீங்களா, தீர்த்தத்துக்குப் போவாதாம்," என்றார் சக்கரவர்த்தி கூட்டத்தைப் பார்த்து. "சாமி காரியத்துல வந்து அபசகுனமாப் பேசறா. ஏன் தெரியுமா? முந்தாநாள் லேட்டா வந்ததுக்கு நாலு வார்த்தை கேட்டேன். அந்தக் கடுப்பு."

கூட்டத்தில் ஒருத்தர் "த, போம்மா அப்படி" என்றார். இன்னொருத்தர் பொம்பளைக்கு இது எதற்கு என்றார். தனத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழவில்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"சுரண்டு," என்றாள்.

இருசப்பன் டிரம்மைப் பார்த்தான். அவன் கையால் அவனே எழுதியது. முதலாளி எதிரிலேயே நிற்கிறார். சாமி பட்டை வேறு.

"நீ மறைச்சதை நீயே காட்டுய்யா. வேற யாரு காட்டுவாங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்து பெயிண்டு சுரண்டுகிற தகட்டை எடுத்தான். கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு விபூதிப் பட்டையின் நடுவில் வைத்து இழுத்தான். ஈரம் முழுக்கக் காயாத வெள்ளை சுருள் சுருளாக வந்தது. முதலில் எலும்பு. அப்புறம் பல் வரிசை. அப்புறம் அந்தச் சிவப்பு.

காசியம்மாள் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போய்ச் சோப்பைத் தேடினாள்.

"படம் ஒட்டியிருந்தா இன்னா இப்ப?" என்றார் சக்கரவர்த்தி. "சர்க்கார் சட்டம், ஒட்டறான். எலி மருந்துலருந்து எல்லாத்துலயும்தான் படம் இருக்கு."

"எல்லாத்துலயும் இல்ல மொதலாளி. பச்சையில இல்ல, நீலத்துல இல்ல, மஞ்சள்லயும் இல்ல. மண்டை ஓடு இதுல மட்டும்தான். அந்த சார் சொன்னப்ப நீங்களும்தானே உக்காந்திருந்தீங்க?"

அருணகிரி தாடையைத் தடவினார். கோயில் பக்கமிருந்து பூசாரி, மணி ஆகிறது, கற்பூரம் ஏற்றட்டுமா என்று குரல் கொடுத்தார். ரோட்டில் முதல் கும்பல் தெரிந்தது. பத்து வருஷமாகத் தவிச்ச வாய்க்குத் தண்ணீர் கொடுத்த மனுஷர். அன்றைக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "மூணு தரம் கழுவிட்டேனேம்மா," என்று மறுபடியும் அதையே சொன்னார்.

தனம் புருஷனின் துண்டை வாங்கிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். கோடையில் வற்றிப் போய் முழங்கால் அளவுதான் தண்ணீர். மீன் குஞ்சுகள் ஓரத்திலேயே மொய்த்தன. துண்டை விரித்து அரித்து ஒரு கைப்பிடிக் குஞ்சுகளோடு மேலே வந்தாள். இரண்டு பித்தளைச் சொம்பு கேட்டாள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். ஒன்றில், கை படாமல் அகப்பையால் மொண்டு, நிரம்பிய டிரம்முத் தண்ணீர். சொம்புக்குப் பாதியாக மீனை விட்டுவிட்டு இரண்டையும் அருணகிரி காலடியில் வைத்தாள்.

"ஒரு வெத்தலை போடற நேரம் பொறுங்க பெரியவரே. அப்புறம் கற்பூரம் ஏத்துங்க, நான் போயிடறேன். மொதலாளி, நீங்க பந்தல்ல மொத டம்ளர் குடிக்கறதா இருந்தா அதையும் அப்பவே குடிங்க."

சக்கரவர்த்தி வெயிலில் மீன் நிற்காது என்றார், பித்தளையில் மீன் நிற்காது என்றார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் குனிந்து சொம்பையே பார்த்தார்கள். டிரம்முத் தண்ணீரில் விட்ட மீன்கள் முதலில் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி ஓடின. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து உதறின. ஒன்று வயிற்றைக் காட்டி மேலே வந்தது. அடுத்தது. அடுத்தது. கிணற்றுத் தண்ணீர்ச் சொம்பில் இருந்தவை வாயைத் திறந்து மூடிக்கொண்டு சும்மா நின்றன.

அருணகிரி நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "என் பேத்தி மொத டம்ளர் கேட்டுக்கினு காலையிலேருந்து நிக்குது," என்றார். பிறகு உரத்து, "டேய், கவுத்து உடுங்கடா எல்லாத்தையும்," என்றார்.

நாலு பேர் பாய்ந்தார்கள். தனம் குறுக்கே போய் நின்றாள்.

"இங்க கவுக்காதீங்க. சரிவு குளத்துக்குப் போவுது. குளம் செத்துடும், ஆடு மாடு குடிக்கும். மூடி போடுங்க. குளமும் கெணறும் இல்லாத மேட்டுப் பொட்டல் இருந்தா காட்டுங்க. குழி வெட்டி அதுல ஊத்தி மண்ணு தள்ளணும்."

யூரியா மூட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் பையை வாங்கிக் கிழித்து, ஒவ்வொருவர் கையிலும் அவளே சுற்றிக் கட்டினாள். மாட்டு வண்டியில் டிரம்மை ஏற்றிக் கற்பாறை மேட்டுக்குக் கொண்டு போனார்கள். காற்று வருகிற பக்கமாக நிற்கச் சொன்னாள். பீடி பற்ற வைத்தவனைப் பார்த்த பார்வையில் அவன் பீடியைக் கீழே போட்டான். ஊற்றி முடித்ததும் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் எவனும் பந்தலுக்குள் வரலாம் என்றாள். பந்தலில் காசியம்மாள் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டுப் பானையும் குடமும் கொண்டுவரச் செய்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பினாள். கற்பூரம் ஒரு மணி நேரம் தள்ளி ஏறியது. அவ்வளவுதான்.

அப்புறம்தான் சக்கரவர்த்தி வாயைத் திறந்தார். என்ன கேட்டார் தெரியுமா, கண்ணுங்களா? மன்னித்துக்கொள்ளுங்கள் என்றா? இல்லை. "சரி, உங்களுக்கு வேணாம்னா டிரம்மைத் திருப்பி வண்டியில ஏத்துங்க. நல்ல தகரம்," என்றார்.

தனம் கடப்பாரை கேட்டாள். அருணகிரி தாமே எடுத்து வந்து கொடுத்தார். பிளாஸ்டிக் சுற்றிய கையோடு முதல் டிரம்மின் அடியில் ஓங்கி ஒரு குத்து. 'உபயம்' என்ற எழுத்துக்கு நடுவில் ஒரு குத்து. இருசப்பன் அவள் கையிலிருந்து வாங்கி மீதி ஒன்பதையும் குத்தினான். தான் எழுதிய எழுத்தைத் தானே குத்துகிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நாளையிலேருந்து கடைப் பக்கம் வராத," என்றார் சக்கரவர்த்தி.

"வரலீங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். போன வருஷத்துலேருந்து நான் உருட்டி உருட்டி அடுக்கினது பதிமூணு. இங்க பத்துதான் இருக்கு. மிச்சம் மூணு எங்க?"

அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு திரும்பினார். அருணகிரி அவர் முன்னால் போய் நின்றார். "அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க."

முணுமுணுப்பாக வந்தது பதில். ஒன்று சோடாக் கடைக்கு. ஒன்று கல்யாணச் சமையல்காரர் ராமனுக்கு, அரிசி ஊறப் போட. மூன்றாவது யாருக்கு என்று ஞாபகமில்லை.

"ராமனுக்கு நாளைக்குக் காலையில ஒரு முகூர்த்தச் சமையல் இருக்கு," என்றான் இருசப்பன். "அந்தக் கல்யாண மண்டபத்துக்கு நான்தான் வாசல் வளைவு எழுதினேன்."

தனம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கேரியரில் ஏறினாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் மலையை வலம் வந்துகொண்டிருக்க, அந்த ஒரு சைக்கிள் மட்டும் கூட்டத்துக்கு எதிர்முகமாக டவுனைப் பார்த்துப் போனது. "பௌர்ணமியும் அதுவுமா எதிர்ல வரானுங்க பாரு," என்று திட்டினார்கள். ஒருத்தர் கடப்பாரையைப் பார்த்துத் திருடர்கள் என்றே நினைத்துக் கத்தினார். இருசப்பன் பெல்லை அடித்துக்கொண்டே மிதித்தான். தனம் இறங்கவில்லை.

ராமன் வீட்டுப் பின்கட்டில் டிரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அரிசி இன்னும் போடவில்லை. சோடாக் கடைக்காரர் அரை நாழிகை சண்டை போட்டுவிட்டுக் கொடுத்தார். இரண்டையும் ஓட்டை போட்டார்கள். மூன்றாவதை மாசக்கணக்கில் தேடினாள் தனம். ஓட்டல் பின்வாசல், கட்டடம் கட்டுகிற இடம், எங்கே தகர டிரம் நின்றாலும் போய்க் குனிந்து பார்ப்பாள். விவசாய ஆபீசில் எழுதிக் கொடுத்தாள். கடையை ஒரு வாரம் பூட்டிவிட்டுத் திறந்தார்கள். சக்கரவர்த்தியைப் பார்க்கும்போதெல்லாம் தெருவில் நிறுத்திக் கேட்பாள். கடைசி வரைக்கும் ஞாபகமில்லை என்றுதான் சொன்னார். ஞாபகமில்லையாம்.

இத்தனை நேரம் பொறுத்துக் கேட்டீர்களே, என் கண்ணுங்களா. உங்கள் வீட்டுக் குடத்தில் தண்ணீர் என்றைக்கும் தெளிந்திருக்கட்டும். மொண்டு கொடுக்கிற கையும் வாங்கிக் குடிக்கிற வாயும் நோவில்லாமல் இருக்கட்டும். உங்களுக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள் நல்ல மனசோடு கொடுக்கட்டும்; அப்படிக் கொடுக்காதபோது கேட்டு நிற்க உங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை பயமில்லாமல் வளரட்டும். நீங்களும் உங்கள் குடும்பமும் நன்றாக இருங்கள்.